பின் சன்னல்

எங்கள் வீட்டு ஜீப்புக்குத் தகரக் கூரை கிடையாது. இரும்புக் குழாய்களின்மேல் இழுத்துக் கட்டிய தடித்த துணிதான் கூரை. ஊர் வழக்கில் அது ஹூட். அதன் பின்புறம் தொங்கும் படுதாவில் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஒன்று சன்னலாகத் தைக்கப்பட்டிருக்கும். ஓட்டுகிறவருக்குத் தம் முதுகுக்குப் பின்னாலுள்ள உலகம் அதன் வழியாகவே தெரிய வேண்டும். அந்தச் சன்னலை மாற்றிய கதையைச் சொன்னால் என் குறையும் வெளிப்படுமே என்று பல ஆண்டுகள் எழுதத் தயங்கினேன்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே எங்களுக்கு ஒரு சிறு காப்பித் தோட்டம் உண்டு. என் தந்தையார் 1991-இல் வாங்கிய ஜீப் அது. வாழைத்தார், மிளகு மூட்டை, காப்பி மூட்டை என்று எதை ஏற்றுவதானாலும் பின் படுதாவைச் சுருட்டி மேலே கட்டியாக வேண்டும். பனி இறங்கும் மார்கழி விடியலிலும் அப்படித்தான் சுருட்டுவோம். சன்னலைக் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பி.வி.சி. என்னும் அந்தப் பொருள் இயல்பில் விறைப்பானது. அதை வளைந்துகொடுக்கச் செய்யும் வழியை 1926-இல் கண்டவர் வால்டோ செமோன் என்னும் அமெரிக்க வேதியியலாளர். எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டும் பொருளை அதில் சேர்ப்பதே அந்த வழி. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நெகிழ்ச்சி மெல்ல வடிந்துவிடுகிறது. வெயில் அதை மஞ்சளாக்குகிறது. குளிரில் சுருட்டினால் மடிப்பில் வெடிப்பு விழுகிறது. போதாததற்கு, நாமும் தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துக் கீறல் போட்டுவிடுகிறோம். மேலைநாட்டுத் துணிக்கூரைக் கார்களும் இதற்குத் தப்பவில்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் கார் 1989-இல் பிளாஸ்டிக் பின் சன்னலோடுதான் வந்தது. 1998-இல் வெளியான அடுத்த தலைமுறையில்தான் கண்ணாடி வந்தது. படுதாவைச் சுருட்டிப் பிழைக்கும் எங்களுக்கோ கண்ணாடி ஒத்துவராது.

2009 வாக்கிலேயே எங்கள் சன்னல் மோர் தெளித்தாற்போல் மங்கிவிட்டது. மாற்ற 600 ரூபாய் ஆகும் என்றார்கள். அடுத்த முறை வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திப்போட்டேன். இறங்கினேன், பலமுறை. ஒவ்வொரு முறையும் வேறு வேலை இருந்தது. பின்னோக்கி எடுக்கும்போது கதவுப் பக்கம் தலையை நீட்டிப் பார்ப்பேன். உடன் வரும் பையன் தகரத்தைத் தட்டி "வரலாம், வரலாம்" என்பான். குறையோடு வாழப் பழகிக்கொள்வதில் மனிதனுக்கு இருக்கும் திறமை வியப்புக்குரியது. சில நாட்களில் அது குறை என்பதே மறந்துபோயிற்று.

2011 டிசம்பரில் ஒரு மாலை. காப்பிக் களத்தில் பழம் உலர்ந்துகொண்டிருந்தது. மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. பையன் அன்று வரவில்லை. நானே ஜீப்பைப் பின்னோக்கி எடுத்தேன். சக்கரத்தின் அடியில் ஏதோ நசுங்கிய ஒலி. உடனே ஒரு பெண்ணின் அலறல். இறங்கி ஓடியபோது என் கால்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. தூக்குவாளி ஒன்று தட்டையாகக் கிடந்தது. அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி, அதற்குச் சற்றுமுன்தான் எழுந்து தாயிடம் ஓடியிருக்கிறாள்.

அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. நடுங்கும் குரலில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "பாப்பா பின்னாடி இருக்கிறத நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன் மொதலாளி."

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சன்னல். சன்னல் இருந்தால் உள்ளே இருப்பவர் பார்க்கிறார் என்று நம்புவதுதானே இயல்பு? அதில் ஒன்றும் தெரிவதில்லை என்று இரண்டு ஆண்டுகளாக அறிந்திருந்தவன் நான் ஒருவனே. படுதாவில் சன்னலே இல்லாதிருந்தால், அவள் மகளை அங்கே விளையாட விட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் காலையிலேயே வத்தலக்குண்டில் ஹூட் தைக்கும் பெரியவரிடம் போய் நின்றேன். "என்ன தம்பி, இதுல எப்படிப் பாத்து ஓட்டுனீங்க?" என்றார். "பாக்காமத்தான் ஓட்டுனேன் பாய்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பார் என்று எண்ணியிருந்தேன். அவரோ பழைய சன்னலைத் தொடவேயில்லை. முதலில் வெட்டினால் துணி தன் போக்கில் இழுத்துக்கொள்ளும், பிறகு சுருக்கம் போகாது என்றார். முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள புதுத் தகட்டைச் சற்று வெயிலில் காய வைத்து இளக்கினார். மூலைகளை வளைவாக வெட்டினார். கூர்மூலையில்தான் கிழிசல் தொடங்குமாம். படுதாவின்மேல் அதைப் பொருத்தியபோது குண்டூசி குத்தவில்லை, கிளிப்புகளால் கவ்வ வைத்தார். துணியில் குத்திய துளை அடைபடும், பிளாஸ்டிக்கில் குத்தியது அப்படியே நிற்கும். தையல் எந்திரத்தின் பாதம் ஒட்டிக்கொள்ளாதிருக்க இடையே மெல்லிய தாளை வைத்து ஓட்டிவிட்டு, பின்னர் அதைக் கிழித்தெடுத்தார்.

தையல்கள் அகன்றகன்று விழுவதைக் கண்டு, இன்னும் நெருக்கமாகத் தைத்தால் உறுதியாக இருக்காதா என்று கேட்டேன்.

"நெருக்கமாப் போட்டா அது தபால்தலை ஓரம் மாதிரி ஆயிடும் தம்பி. ஒரு இழுப்புல பிரிஞ்சு வந்துடும்."

இரண்டு வரி தையல் ஓடி முடிந்த பிறகே படுதாவைத் திருப்பிப் போட்டு, பழைய சன்னலைத் தையலுக்கு ஒரு விரற்கடை உள்தள்ளிப் பிளேடால் அறுத்தெடுத்தார். அந்தத் துண்டை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எதிரே அமர்ந்திருந்த அவர் ஒரு நிழலாகக்கூடத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும், மண்ணெண்ணெய் தொடவே கூடாது, வெயில் ஏறுமுன் சுருட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் ஒரு தூக்குவாளி வாங்கினேன். அந்தத் தாய் அதை வாங்கிக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் அதே களத்தில் ஜீப்பைக் கிளப்பினேன். எஞ்சின் ஒலி கேட்டதும், மறுகோடியில் பழம் கிளறிக்கொண்டிருந்த அவள் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். புதிய சன்னலில் இருவர் முகமும் மிகத் தெளிவாகத் தெரிந்தன.