நான்காவது கால்

வேதாரணியத்தை அடுத்த கடலோரக் கிராமம் எனது ஊர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, வலை வைக்கும் கொட்டகைக்காகத் தாத்தா நான்கு பனங்கால்களை நட்டார். "ஒவ்வொண்ணா தோள் குடுத்து ஆட்டிப் பாருடா. எது அசைஞ்சாலும் சொல்லு" என்று கூறிவிட்டுப் போனார். எனக்கோ விளையாட்டு அவசரம். மூன்றை ஆட்டினேன், நான்காவதைத் தொடாமலேயே, "எல்லாம் கெட்டியா இருக்கு தாத்தா" என்றேன்.

ஐப்பசி வாடைக்காற்றில் அந்த நான்காவது கால் சாய்ந்தது. கூரை சரிந்து புது வலை கிழிந்தது. கால் முறியவில்லை, வளையவுமில்லை. மணலைப் பெயர்த்துக்கொண்டு அப்படியே சாய்ந்திருந்தது. தாத்தா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இவ்வாண்டுக் கருத்தரங்கிற்காகக் கடல் காற்றாலைகளைப் பற்றிப் படித்தபோது அந்தப் பனங்கால் மீண்டும் நினைவுக்கு வந்தது. கடல் காற்றாலைகளுள் பெரும்பாலானவை, கடலடி மண்ணில் அடித்து இறக்கிய ஒரே ஒரு பெரிய எஃகுக் குழாயின்மேல் நிற்கின்றன. காற்றும் அலையும் பக்கவாட்டில் தள்ளும்போது மணல் எவ்வளவு தாங்கும்? இதற்கான கணக்கு எண்ணெய்க் கிணற்று மேடைகளிலிருந்து வந்தது. அதற்கு அடிப்படையான சோதனை, 1966இல் அமெரிக்காவின் மஸ்டாங் தீவு மணலில், 61 செ.மீ. விட்டமுள்ள நீண்ட குழாய்களைக் கொண்டு நடந்தது. ஒல்லியான குழாய் மூங்கிலைப் போல வளையும். பல மீட்டர் விட்டமுள்ள குழாயோ எங்கள் பனங்காலைப் போல மொத்தமாகச் சாயப் பார்க்கும். ஒன்றின் கணக்கு மற்றதற்குப் பொருந்துமா?

அறிஞர்கள் மணலையே கேட்டனர். 'பிசா' என்னும் ஆய்வுத் திட்டத்தில், 2014-15ஆம் ஆண்டுகளில், பிரான்சின் டன்கர்க் நகரருகே கெட்டியான மணல் தரையில், 27 செ.மீ. முதல் 2 மீட்டர் வரை விட்டமுள்ள குழாய்களை இறக்கிப் பக்கவாட்டில் விசை கொடுத்து அளந்தனர். பழைய கணக்கு சொன்னதைவிட மணல் கூடுதலாகவே தாங்கியது. அதிலிருந்து புதிய கணக்குமுறை பிறந்தது. தாத்தா தோளால் செய்யச் சொன்னதும் இதைத்தானே!

நண்பர்களே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு வரை என் செய்முறைப் பதிவேட்டில் பாதி அளவுகள் பக்கத்து மாணவனுடையவை. அவையும் நான் தொடாத நான்காவது கால்களே. இவ்வாண்டு தனி ஊசலின் அலைவுகளை நானே எண்ணினேன். விடை சற்றுப் பிசகியே வந்தது. அதை அப்படியே எழுதினேன். தாத்தா இன்று இல்லை; இருந்திருந்தால் முதலில் அவரிடம்தான் காட்டியிருப்பேன்.