சிங்கராஜ வனத்தில் ஒரு சப்பாத்துப் பரீட்சை

மழைக்காட்டுக்குச் செல்பவர் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தம் பாதங்களைப் பற்றியே கவலை கொள்ள வேண்டும். சிங்கராஜ வனத்துக்குச் சென்று மீண்ட யாம் கற்றுக்கொண்ட பாடம் இது.

கலவானையைக் கடந்து, குடாவ வாயிலில் யாம் மூவரும் அநுமதிச் சீட்டுப் பெற்றபொழுதே தூறல் தொடங்கிவிட்டது. 1988 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இவ்வனத்தில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகின்றது. இங்கே ஈரந்தான் வீட்டுக்காரன். வெயில் வெறும் விருந்தாளி.

எம்மில் ஒருவர், நீர்புகா மென்படலம் வைத்துத் தைத்த மலைப்பாதை ஓட்டச் சப்பாத்தைப் பெருமிதத்துடன் அணிந்து வந்தார். மற்றிருவருடையவை மெல்லிய வலைத்துணியாலானவை. முதல் அரைமணி நேரம் வெற்றி அவருக்கே. ஈரப்புல் அவர் காலைத் தீண்டவில்லை. எமக்கோ விரல்கள் ஊறிவிட்டன. முழங்காலளவு ஓடையொன்றைக் கடந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. கணுக்கால் வழியே புகுந்த நீரை அம்மென்படலம் வெளியே விடவில்லை. எமது வலைத்துணியோ நடக்க நடக்க நீரைப் பிழிந்து தள்ளிற்று. நண்பர் இரு குடங்களைக் காலிற் கட்டியவர்போல் நடந்தார். மாலையில் அவர் பாதங்கள் வெளிறிச் சுருங்கி, குதிகாலிற் கொப்புளமும் கண்டிருந்தது.

அடிப்புறத்து இறப்பர்ப் பற்கள் சேற்றை நன்கு கவ்வின. அது தந்த துணிவே ஆபத்தாயிற்று. திரும்பும் வழியில் அவ்வோடை பெருகியிருந்தது. நீர் வடியும்வரை வழிகாட்டி எம்மைக் காத்திருக்கச் செய்தார். பின்னர் இறங்கியபோது, எம்மில் ஒருவர் அவசரப்பட்டுப் பாசி படர்ந்த பாறையிற் கால் வைத்தார். ஈரப் பாறையிற் கவ்வுதற்கு ஏதுமின்றிப் பற்கள் வழுக்கின. வழிகாட்டி கையைப் பற்றியிராவிடின் என்ன நேர்ந்திருக்குமோ! அவர் அணிந்திருந்ததோ சாதாரண இறப்பர்ச் செருப்பு. பாறையைத் தவிர்த்து, கோலை முன்னே ஊன்றி, மெல்ல நடக்கப் பழகிய கால்கள் அவருடையவை.

அட்டைகளுக்கு எச்சப்பாத்தும் ஒன்றே. நெருக்கமாக நெய்த நீண்ட அட்டைக் காலுறையே காப்பு.

நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்தல் ஆகாது. வெப்பத்தால் ஒட்டுப்பசை இளகும். உட்தகட்டை அகற்றி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுதல் நலம். வாசகர்கள் வாசித்து முடித்த பின், இந்த ஞாயிறு இதழுக்கும் அப்பணி காத்திருக்கின்றது!