விடுபட்ட பதிவு

ஆடிட்டர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக நான் செய்கிற வேலை, அடுத்தவர் கணக்கில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது. வவுச்சர் 114-க்குப் பிறகு 116 வந்தால், 115 எங்கே என்று கேட்பேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் நெளிவார். அந்த நெளிவைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

போன ஐப்பசியில் நெளிய வேண்டிய முறை எனக்கு வந்தது. அதுவும் ஒரு கடற்கொள்ளையர் கம்ப்யூட்டர் கேமுக்காக.

கேம் பழசு. ரஷ்யாவின் அகெல்லா நிறுவனம் 2000-ல் ‘சீ டாக்ஸ்’ என்று ஒன்றை வெளியிட்டது. அதன் இரண்டாம் பாகமாகத்தான் இதைச் செய்து வந்தார்கள். இடையில் டிஸ்னியின் படம் வரப்போவது தெரிந்து, 2003-ல் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ என்று படத்தின் பெயரையே வைத்து இறக்கிவிட்டார்கள். தொடக்கத்தில் கதை சொல்வது கீரா நைட்லியின் குரல். படத்தை நம்பி வாங்கியவர்களுக்கு ஜாக் ஸ்பாரோ கிடைக்கவில்லை. நதேனியல் ஹாக் என்ற வேறொரு கப்பல் கேப்டன்தான் கிடைத்தான். கறுப்புக் கப்பல் ‘பிளாக் பெர்ல்’ மட்டும் கடைசியில் வந்து முகம் காட்டும்.

நிறுவனம் கைவிட்ட இடத்தில் ரசிகர்கள் கை வைத்தார்கள். ‘நியூ ஹொரைசன்ஸ்’ என்ற அவர்களுடைய மாட் (கேமை ரசிகர்களே மாற்றியமைத்த வடிவம்), புதுக் கப்பல்கள், ஜமைக்கா, கியூபா போன்ற நிஜத் தீவுகள், ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் என்று கேமை ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறது. இத்தனையும் ஒரு பைசா வாங்காமல், வேலை முடிந்து வந்த ராத்திரிகளில் செய்தது.

அக்கா மகன்தான் என் லேப்டாப்பில் அதைப் போட்டுக் கொடுத்தான். “விளையாடுங்க மாமா. ஆனா அந்த ப்ரோகிராம் ஃபோல்டருக்குள்ள மட்டும் போயிடாதீங்க” என்றான். அவன் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஹாக்கின் கதையை எடுத்தேன். இங்கிலாந்தின் கையில் இருந்த ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள். ஹாக் தப்பித்து ஆளுநர் சைல்ஹார்டிடம் போய்ச் சேர்கிறான். உளவு பார், தகவல் கொண்டு வா என்று அவர் வேலை மேல் வேலை கொடுக்கிறார். அந்த வரிசையில் ஒரு பிரெஞ்சுக் கப்பலைக் கடலில் மடக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்ததோ லக்கர் என்ற சின்னப் பாய்க்கப்பல். நாலு தடவை போனேன், நாலு தடவையும் மூழ்கினேன். ஐந்தாவது ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.

இந்த கேமின் கதை முழுவதும் அதற்குள் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்களாகக் கிடக்கிறது. நோட்பேடில் படிக்கலாம். கதை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்ட ஒரு அடையாளச் சொல் உண்டு. ஒரு வேலையை முடித்தால் அந்தச் சொல் மாறும், அடுத்தவர் பேசத் தொடங்குவார். மாட் செய்பவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கென்று கன்சோல் ஃபைல் ஒன்றும் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரி எழுதி, அந்தச் சொல்லை நானே மாற்றினேன். சண்டை முடிந்த கட்டத்துக்குக் கதை தாவியது.

ஆளுநர் என்னைப் பாராட்டினார். நான் ஜெயிக்காத சண்டைக்கு எழுந்து நின்று பாராட்டினார். எனக்குக் கூச்சமாகக்கூட இல்லை.

அடுத்து ஒரு சாராயக்கடையில் ஒருவரைச் சந்திக்க வேண்டும். போனேன், ஆள் இல்லை. அறை எடுத்துத் தங்கி, விடிந்ததும் இறங்கி வந்து பார்த்தேன். இல்லை. மூன்று ராத்திரி இப்படியே போனது. கடைக்காரன் ஒவ்வொரு தடவையும் அதே வணக்கத்தையே சொன்னான்.

அப்போது நான் செய்ததுதான் கேவலம். இந்தக் கதையைப் பராமரிப்பவர்களில் ஒருவருக்கு மெயில் அனுப்பினேன். ‘உங்கள் மாட் பாதியில் நின்றுபோகிறது. சோதித்துப் பார்க்காமல் ஏன் வெளியிடுகிறீர்கள்?’ என்று, தணிக்கைக் குறிப்பு எழுதுகிற அதே தோரணையில். கன்சோலைத் தொட்டதைச் சொல்லவில்லை. மறந்தேன் என்று இங்கே எழுதிவிடலாம். மறக்கவில்லை.

மறுநாளே பதில் வந்தது. சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டு, குவெஸ்ட் புத்தகத்தின் படத்தை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார். கேமுக்குள் இருக்கும் கேப்டனின் குறிப்பேடு அது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தானாக ஒரு பத்தி ஏறும். அனுப்பினேன். பதில் இரண்டே வரி: ‘ஆளுநர் வேலை கொடுத்த பதிவு இருக்கிறது, அவர் பாராட்டிய பதிவு இருக்கிறது. நடுவில் சண்டைப் பதிவு இல்லையே? அந்த ஆளைச் சாராயக்கடையில் கொண்டுபோய் உட்காரவைக்கும் கட்டளையும் அதோடு சேர்ந்துதான் ஓடும்.’

115 எங்கே என்று கேட்டுவிட்டார்.

பதினொரு நாள் பதில் போடவில்லை. அந்த நாட்களில் ஹாக் பக்கமே போகாமல் அதே மாட்டில் பார்த்தலோமியூ என்ற போர்ச்சுகீசியனின் கதையை ஆடினேன். அவன் நிஜத்தில் வாழ்ந்த ஆள். அவனைப் பற்றி எக்ஸ்க்வெமெலின் 1678-ல் டச்சு மொழியில் வெளியிட்ட புத்தகத்தில் இருப்பதைத் தேடிப் படித்தேன். முப்பது ஆட்கள், நாலு பீரங்கியோடு போய், எழுபது பேரும் இருபது பீரங்கியும் இருந்த ஸ்பானியக் கப்பலைக் கியூபா அருகே பிடித்திருக்கிறான். சீக்கிரமே அதைப் பறிகொடுத்து, காம்பெச்சே துறைமுகத்தில் தூக்குக்குக் காத்திருக்கிறான். நீச்சல் தெரியாது. இரண்டு காலி ஒயின் ஜாடிகளை அடைத்து மிதவையாக்கிக்கொண்டு ராத்திரியோடு கரை சேர்கிறான். இருபது பேரோடு திரும்பி வந்து கப்பலை மீட்கிறான். மீட்ட கப்பல் புயலில் பாறைத்திட்டில் மோதி நாசமாகிறது. ஒரே கப்பலை ஒருவன் இரண்டு தடவை இழப்பானா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அந்த ஜாடிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், சண்டைக்கு முன் சேமித்து வைத்திருந்த ஹாக்கின் ஆட்டத்தை லோட் செய்தேன். நாலு தடவையும் நான் பீரங்கியை மட்டுமே நம்பிப் போயிருந்தது இப்போதுதான் உறைத்தது. பெரிய கப்பலின் பாய்கள் குறுக்குப் பருமலில் தொங்குபவை. காற்றுக்கு எதிராக அதனால் அதிகம் ஏற முடியாது. என் லக்கரின் பாய்கள் நெடுக்குவாட்டில் நிற்பவை. காற்றின் முகத்துக்குப் பக்கமாகவே ஏறிவிடும். சுக்கானைத் திருப்பி மேல்காற்றுப் பக்கம் போய்விட்டேன். எதிரி திரும்ப முயன்று வேகம் செத்து நின்றான். சங்கிலிக் குண்டால் பாயைக் கிழித்தேன், பின்பக்கமாகப் போய் சிதறுகுண்டு அடித்தேன். இதுவும் உடனே கைகூடவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் ஏறிக் குதித்துப் பிடித்தேன். சமையலறையில் மனைவி பால் குக்கரை ஏற்றும் நேரம். குறிப்பேட்டைத் திறந்தேன். நடுவில் இருக்க வேண்டிய பத்தி இருந்தது.

அன்றே மெயில் எழுதினேன். கன்சோலைத் தொட்டது, அதை மறைத்தது, மேலே விழுந்து கத்தியது எல்லாவற்றையும் ஐந்து வரியில் சொன்னேன். இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ‘அந்த இடத்தில் எதிரி ரொம்பப் பலமாக இருக்கிறானா? நாலு தடவை மூழ்கினேன் என்கிறீர்கள். அடுத்த பதிப்பில் குறைத்துவிடட்டுமா?’ என்று கேட்டிருந்தார்.

குறைக்க வேண்டாம் என்று எழுதினேன். நாலு இல்லை, ஆறு தடவை மூழ்கினேன் என்றும் சேர்த்து எழுதினேன்.