சர்க்கரை டப்பாவும் சைக்கிளும்

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் அந்த வீடு இருக்கிறது. சமையலறையில் சர்க்கரை டப்பா மேல் தட்டில், ஸ்டூல் போட்டால்தான் எட்டும். யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் கீழே இறங்கும். அப்பாவுக்கு 16 வருடமாக சர்க்கரை வியாதி. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பத்தியம்தானே! காபியில் சர்க்கரை கிடையாது, பாயசத்துக்கு வருடத்தில் இரண்டு நாள், மாம்பழம் என்றால் ஆளுக்கு ஒரு கீற்று. மகன் இப்படியே வளர்ந்தவன். இனிப்பைப் பார்த்தால் அவனுக்கு ஆசை வராது, லேசாகப் பயம்தான் வரும்.

அவனுக்கு இன்னொரு ஆசை இருந்தது. 2005ல் ஹிமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கிய மலை சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, என்றாவது ஒரு நாள் அதுபோல ஒன்றில் ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். காட்டுப் பாதை, கல், சேறு, நாள் கணக்கில் ஏற்றம். ஆனால் சென்னையில் மலைக்கு எங்கே போவது? சாந்தோம்காரர்களுக்குத் தெரிந்த மலை பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும்!

"மலை இருக்கட்டும். முதலில் ஒரு நாள் முழுக்க சைக்கிள் மேல் உட்காரப் பழகு" என்று ஓட்டுகிற நண்பர்கள் சொன்னார்கள். அதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த 'ப்ரெவே' என்ற நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. முதல் இடம், இரண்டாம் இடம் எல்லாம் கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். இந்தக் குடும்பத்தின் பெரியண்ணன் பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ். 1891ல் பந்தயமாகத் தொடங்கி, இன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை, 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பது அதன் கடைக்குட்டி.

பிப்ரவரி மாத ஞாயிறு ஒன்றில், காலை 5 மணிக்கு, திருவான்மியூர் பக்கமிருந்து கிளம்பினான். பருத்த டயர் போட்ட மலை சைக்கிள், அதனால் மற்றவர்களைவிட வேகம் குறைவு. பையில் இருந்தவை: வறுத்த பாதாம் ஒரு பொட்டலம், வெள்ளரிக்காய், வேகவைத்த முட்டை இரண்டு, தண்ணீர். எல்லாம் 'ஆரோக்கியமானவை'. வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தான். மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரும்ப வேண்டிய இடம். அதுவரை சுகமாகவே போனது. பசியே இல்லை. வழியில் ஒரு இளநீர். மற்றபடி தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

திரும்பும்போது வடகிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. மாமல்லபுரம் தாண்டி, சுமார் 160 கிலோமீட்டரில், யாரோ விளக்கை அணைத்ததுபோல் ஆயிற்று. கால் வலிக்கவில்லை, கால் இருப்பதே தெரியவில்லை. சாலை ஓரத்து வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. தன்னைத் தாண்டிப் போன ஒரு பேருந்தின் மேல் காரணமில்லாமல் அழுகை வரும் அளவுக்குக் கோபம். மணி மூன்றே முக்கால். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தான்.

"எங்கடா இருக்க?"

"மகாபலிபுரம் தாண்டி... தெரியலப்பா."

"கை நடுங்குதா?"

"ம்."

"சில்லுனு வேர்க்குதா? எரிச்சல் எரிச்சலா வருதா?"

அப்போது அப்பா மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. "ஆமா! அதுக்கு என்ன?"

"கடைக்காரர்கிட்ட போனைக் குடு."

கடைக்காரரிடம் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, அவனுக்கு டீ வேணாம். ஒரு கிளாஸ் தண்ணில நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைச்சுக் குடுங்க. கால் மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் பன்னு இருந்தா குடுங்க."

எப்படி இவ்வளவு சரியாகத் தெரிந்தது? சர்க்கரை வியாதிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிடும். 'லோ ஆயிடுச்சு' என்பார்களே, அதுதான். அப்பாவுக்கு அது பலமுறை வந்திருக்கிறது. அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்கும். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, தேவைப்பட்டால் மறுபடி 15 கிராம். இது டாக்டர்கள் சொல்லித்தரும் கணக்கு.

நோயே இல்லாத இளைஞனுக்கும் அது வருமா? வரும். 1924ல் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, துவண்டு விழுந்தவர்களிடம் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. இன்சுலின் ஊசி புழக்கத்துக்கு வந்து இரண்டே வருடம் ஆகியிருந்த காலம். ஊசி அதிகமாகிப் போனவர்களின் நிலையும் இவர்கள் நிலையும் ஒன்றுபோல் இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். அடுத்த வருடம் ஓட்டக்காரர்கள் சிலருக்கு ஓட்டத்தின் நடுவே மிட்டாய் கொடுத்தார்கள். துவளுவது நின்றது. அப்பாவின் சட்டைப்பை வைத்தியம்தான், நூறு வருடப் பழசு!

அன்று அவன் நேரத்துக்குள் முடிக்கவில்லை. ஆறரைக்கு முடிய வேண்டியது, ஏழரை ஆனது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். அவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவர். "வரவு என்ன, செலவு என்ன, சொல்லு" என்றார்.

செலவு: ஒரு மணி நேரம் மிதித்தால் சுமார் 500 கலோரி. பத்து மணி நேரத்துக்கு 5000. இருப்பு: தசைகளில் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் என்று உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து (கிளைகோஜன் என்பது அதன் பெயர்). மொத்தம் 2000 கலோரி. கொழுப்பும் எரியும், அது எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அது மெதுவாகக் கைகொடுக்கும் சொத்து. வீடு, நிலம் மாதிரி. அவசரத்துக்குக் கையில் இருக்கும் காசுதான் உதவும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கிற ஒவ்வொரு முறையும் செலவாவது அந்தக் கைக்காசு. வரவு: இரண்டு இட்லி (20 கிராம் மாவுச்சத்து), ஒரு இளநீர் (10, 15 கிராம்), பாதாம், முட்டை... "இதெல்லாம் எனக்கு எழுதிக் குடுத்த சாப்பாடுடா" என்றார் அப்பா. திட்டவில்லை. அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்பாவுக்கு எது ஆகாதோ அதுவே மகனுக்கு எப்படி மருந்தாகும்? ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக ஒரு கதவு திறக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கதவைத் திறப்பது இன்சுலின். சர்க்கரை வியாதியில் அந்தச் சாவி சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, சாவியே இல்லாமல் கதவு தானாகத் திறக்கிறது! சாப்பிட்டபின் அப்பாவை நடக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். மிதிக்கிற கால் சர்க்கரையை வந்த வேகத்தில் எரித்துவிடும். மிதிப்பதை நிறுத்தியபின் இந்தச் சலுகை மெல்ல மெல்ல வாபஸ் ஆகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023ல் வெளியான, சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு முன்னின்று நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு சர்க்கரை வியாதி என்றது. அப்படிப்பட்ட நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன் என்று திங்கள், செவ்வாய் முழுக்க ஜிலேபி தின்றால் யார் பொறுப்பு?

எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. வயிறு ஏற்றாலும் குடல் ஏற்காது. குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராம் அளவுதான் உள்ளே போகும். பழச்சர்க்கரைக்கு குடலில் வேறு வாசல். இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகும். நம் வெள்ளைச் சர்க்கரை, வெல்லம் இரண்டிலும் இந்தக் கலப்பு இயற்கையாகவே பாதிக்குப் பாதி இருக்கிறது. விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருப்பதும் இந்த வகைச் சமாச்சாரம்தான். அவற்றின் வசதி, சிறிய பாக்கெட், ஒரு கையால் பிழியலாம். அவ்வளவே. குடலையும் பழக்க வேண்டும். பழகாத வயிற்றில் திடீரென்று 90 கிராம் போட்டால் சாலை ஓரப் புதர்தான் கதி.

அடுத்தது உப்பு. சென்னை வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை சாதாரணம், அதில் ஒரு கிராம் அளவுக்கு சோடியம் போகலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் இருக்கும் உப்பு நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு அப்படி ஆகியிருந்தது. முற்றினால் உயிருக்கே ஆபத்து. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு.

உப்பும் சர்க்கரையும் குடலுக்குள் கை கோர்த்துக்கொண்டுதான் போகின்றன, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு. 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில், பொங்காவில், காலராவால் செத்துக்கொண்டிருந்தவர்களை டாக்டர் திலீப் மஹலானபிஸ் காப்பாற்றியது இந்த ஒரு உண்மையை வைத்துத்தான். அந்த உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். அரிசிக் கஞ்சியை வைத்தும் அதைச் செய்யலாம் என்று பின்னால் கண்டார்கள். உப்புப் போட்ட கஞ்சியை நொச்சிக்குப்பத்துப் பாட்டிகளிடம் யாரும் போய்க் கேட்டார்களோ என்னவோ! ஆனால் ஓ.ஆர்.எஸ். மட்டும் குடித்து மலை ஏற முடியாது. ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அது நோயாளியைக் காப்பாற்ற, எரிபொருளுக்கு அல்ல. (அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கடைகளில் விற்ற இனிப்பு பானங்கள் வேறு. 2025ல்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவை பயன்படுத்தக் கூடாது என்றது.)

அப்பாவும் மகனும் சேர்ந்து போட்ட கணக்கு மணிக்கு 50லிருந்து 60 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சை, கால் டீஸ்பூனுக்கு மேல் அரைக்குக் கீழ் உப்பு, வாசனைக்குக் கொஞ்சம் நன்னாரி. அப்பாவின் சாதத்தை நிறுக்க வாங்கிய சின்னத் தராசில் மகனின் சர்க்கரையை நிறுத்தார்கள். அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. "பன்னெண்டு ஸ்பூனா!" என்று ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டப்பா கீழேயே இருந்தது.

கூடவே வாழைப்பழம் (ஒன்றுக்கு 25 கிராம்), பேரீச்சை, கமர்கட். கடலை மிட்டாய் ருசிதான், ஆனால் கடலையின் எண்ணெய் மெதுவாகத்தான் செரிக்கும். தட்டையான சாலையில் சரி, ஏற்றத்துக்கு முன் வேண்டாம். வடை, சுத்தமாக வேண்டாம். காலை மூன்றரைக்கு நான்கு இட்லி, மிளகாய்ப் பொடி இல்லாமல், சர்க்கரை தொட்டு. கைபேசியில் 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம். பசிக்கிறதா என்று பார்க்கக் கூடாது. பசி வரும்போது நேரம் கடந்திருக்கும்.

மார்ச்சில் மறுபடி 200. இந்த முறை வெயில் இன்னும் அதிகம். 120 கிலோமீட்டரில் இனிப்பு திகட்டிவிட்டது. இதை நோட்டுப் புத்தகம் எதிர்பார்க்கவில்லை. அலாரம் அடிக்க அடிக்க வாய் மூடிக்கொண்டது. மாமல்லபுரத்தில் ஒரு பொட்டலம் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் அவனைக் காப்பாற்றின. மாவும் உப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தன. பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் சோதனைக் கருவியால் அவன் விரலில் குத்திப் பார்த்தார். 98. "பாத்தியா" என்று அம்மாவிடம் காட்டினார். பிறகு தன் விரலையும் குத்திக்கொண்டு, அந்த எண்ணை யாரிடமும் காட்டாமல் நோட்டில் எழுதினார்.

மலைப் பாதை இன்னும் பாக்கி இருக்கிறது. அங்கே கல்லிலும் வேரிலும் கைப்பிடியை விட்டால் விழ வேண்டியதுதான், அதனால் வாழைப்பழம் உரிக்க முடியாது. முதுகுப் பையில் குழாய் வைத்த தண்ணீர், ஏற்றம் தணிகிற இடத்தில் ஒரு வாய், இறக்கத்தில் ஒன்றுமில்லை. குளிரில் தாகம் எடுக்காது, உயரத்தில் பசியும் குறையும். அங்கேயும் அலாரம்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முதலில் பழகிப் பார்ப்பதாகத் திட்டம். அதற்கு முன் ஒரு 300 இருக்கிறது, புதுச்சேரி போய்த் திரும்ப. தயிர்சாதம் வெயிலில் எத்தனை மணி நேரம் புளிக்காமல் தாங்கும் என்று அப்பா பால்கனியில் நான்கு கிண்ணங்களில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவதைக் காக்கை கவிழ்த்துவிட்டது.