முப்பத்தைந்திலும் அறுபதிலும்

ஒரு கவி சொல்லிவிட்டுப் போன கதையை வேறொரு காலத்தில் வேறொரு பாஷையில் வேறொரு கவி எடுத்து, தம் உள்ளத்துக்கு ஏற்பப் புதுக்கிச் சொல்வது நமக்குப் புதிதன்று. வால்மீகியையும் கம்பரையும் அருகருகே வைத்துக்கொண்டு பொழுது விடியும்வரை விவாதித்த ரசிகர்களின் பரம்பரை நம்முடையது. ஆனால் ஒரே கர்த்தா, நடுவயதை எட்டும் முன் சொன்ன கதையை, நடுவயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, அதே பாத்திரங்களை அதே ஸ்தானங்களில் நிறுத்தி, முதுமையின் வாசலில் வேறொரு முடிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அபூர்வமான காரியம். ஜப்பானிய இயக்குநர் ஹிதேயாகி அன்னோ, எவாஞ்செலியன் என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரில் அதைச் செய்திருக்கிறார். 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 26 பாகங்களாகத் தொலைக்காட்சியில் வந்த அந்த அனிமே தொடருக்கு 1997-இல் ஒரு திரைப்படத்தால் மற்றொரு முடிவு எழுதினார். பிறகு, 2007, 2009, 2012, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நான்கு திரைப்படங்களில் முழுக்கதையையும் மீண்டும் நிர்மாணித்தார். 1960-இல் பிறந்த அவருக்குத் தொடர் தொடங்கியபோது வயது முப்பத்தைந்து. கடைசிப் படம் அரங்குக்கு வந்தபோது அறுபது.

கதையின் ஆதாரம் எல்லா வடிவங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. 2000-ஆம் ஆண்டில் தென் துருவத்தில் நேர்ந்த பிரளயம் ஒன்று மனித குலத்தில் பாதியை அழித்துவிடுகிறது. பூமியின் அச்சே சாய்ந்து, ஜப்பானில் பருவங்கள் மாறாமல் நின்று, வருஷம் முழுவதும் கோடையும் சிள்வண்டுகளின் ஓசையுமாகவே கழிகிறது. பதினைந்து வருஷங்களுக்குப் பின், தேவதூதர்கள் என்று பெயரிடப்பட்ட விசித்திரமான பிராணிகள் ஒவ்வொன்றாக வந்து மலைகளிடையே எழுப்பிய கோட்டை நகரத்தைத் தாக்க, அவற்றை எதிர்க்கக்கூடிய எவா என்னும் ராட்சத உருவங்களைச் செலுத்தப் பதினாலு வயதுக் குழந்தைகளால்தான் முடிகிறது. தாயை இழந்து, தந்தையாலும் கைவிடப்பட்டு வளர்ந்த ஷின்ஜி என்ற சிறுவனை, அந்தத் தந்தை கெண்டோ பல வருஷங்களுக்குப் பிறகு கூப்பிட்டனுப்புவது பாசத்தினால் அன்று. அந்த உருவங்களில் ஒன்றின் உள்ளே ஏறி உட்கார ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த உருவத்துக்குள் உறைவது செத்துப்போன தன் தாயின் ஆத்மா என்பதைப் பையன் அறியான்.

இந்த வடிவங்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சித்திரத்தின் தெளிவையும், யுத்தக் காட்சிகளின் பிரம்மாண்டத்தையும், எந்தப் பெண் யாருடன் சேர்ந்தாள் என்பதையுமே பேசுகிறார்கள். அவை பேசத் தகாதவை அல்ல. ஆயினும் என் மனத்தைப் பற்றிக்கொண்ட வித்தியாசம் வேறு: முதல் தடவை கதை சொன்னவர் மகனின் பக்கத்தில் நின்று சொன்னார், கடைசித் தடவை அவரால் தந்தையின் பக்கத்துக்கும் போய்வர முடிந்தது. மற்ற வேற்றுமைகள் எல்லாம் இதிலிருந்தே கிளைத்தவை என்பது என் அபிப்பிராயம்.

முதல் தொடர் நெருக்கடியில் வளர்ந்தது. பாகங்கள் செல்லச் செல்ல அவகாசம் குறைந்துகொண்டே போயிற்று. சித்திரங்களை அசையச் செய்ய நேரம் இல்லாதபோது அன்னோ அவற்றை அசையாமல் நிறுத்திவிட்டார். 22-ஆம் பாகத்தில், ஷின்ஜியைப் போலவே எவாக்களைச் செலுத்தும் அசுகா, ரெய் என்னும் இரண்டு சிறுமிகள் ஒரு மின்தூக்கியில் நிற்கிறார்கள்; முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஒரு சொல் இல்லை, ஓர் அசைவு இல்லை, இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்கிறது. 24-ஆம் பாகத்தில், தன்னை நேசிப்பதாகச் சொன்ன ஒரே தோழனான கவோரு பகைவர் இனத்தவன் என்று தெரிந்தபின், ராட்சதக் கையில் அவனைப் பிடித்தபடி ஷின்ஜி தயங்கும் காட்சி ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம் ஒரே சித்திரமாக நிற்க, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியில் வரும் கோஷ்டி கானம் பின்னால் பெருகிக்கொண்டே இருக்கிறது. சிக்கனத்தில் பிறந்த உபாயங்கள் இவை என்று சிலர் தள்ளிவிடுவார்கள், சிக்கனந்தான், சந்தேகமில்லை, ஆனால் அந்த நிச்சலனத்தில், பேச வாயெடுத்தும் பேச முடியாத இரண்டு ஜீவன்களின் இடையே உள்ள தூரத்தை நாம் உட்கார்ந்து அனுபவித்துத் தீரவேண்டியிருக்கிறதே, அதை வேறெந்த உபாயத்தால் சாதித்திருக்க முடியும்? அன்னோவின் தந்தை இளமையில் ஒரு விபத்தில் காலை இழந்தவர். ஓரிடத்தில் குறைப்பட்ட, எங்கோ உடைந்துபோன பொருள்களின் மேல் தமக்குள்ள பிரியத்துக்கு அதுவே மூலமாயிருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டபின் அந்தத் தொடரின் ஊனங்களை ஊனங்கள் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

அதன் கடைசி இரண்டு பாகங்கள் பெரும் கலகத்தை எழுப்பின. யுத்தம் என்ன ஆயிற்று, உலகம் என்ன ஆயிற்று என்று காத்திருந்தவர்களுக்கு அன்னோ காட்டியது ஒரு சிறுவனின் அந்தரங்கம் மட்டுமே. கோட்டுச் சித்திரங்களும், புகைப்படங்களும், வெற்றுத் திரையில் எழும் கேள்விகளுமாக அது நடந்தது. அதில் ஓரிடம் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. ஒன்றுமே இல்லாத வெண்மையில் ஷின்ஜி மிதக்கிறான். அதுவே பூரண சுதந்திரம் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் எந்தத் திசையில் போவது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அப்போது கீழே ஒரே ஒரு கோடு இழுக்கப்படுகிறது. அது தரையாகிறது, பறக்கும் சுதந்திரம் ஒன்று போய்விட்டது, ஆனால் நிற்கவும் நடக்கவும் முடிகிறது. பென்ஸில் கோடு ஒன்றால் இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னவரை, பணம் இல்லாததால் முடிக்கத் தெரியாதவர் என்று ஏசியது நியாயமன்று என்றே இன்றும் கருதுகிறேன்.

ஏச்சு ஏராளமாக வந்தது. கொலை மிரட்டல்கூட வந்தது. 1997-ஆம் வருஷத்துத் திரைப்படம் அதே முடிவை வெளிப்பக்கத்திலிருந்து காட்டுகிறது: மனிதர் யாவரும் தேகம் கரைந்து ஒரே சமுத்திரமாகிவிட, தனிமையும் வேதனையும் அற்ற அந்த ஐக்கியத்தை ஷின்ஜி வேண்டாம் என்கிறான், பிறரால் காயப்பட்டாலும் பிறர் இருக்கும் உலகமே வேண்டும் என்று கரையேறுகிறான். கரையேறியபின் பக்கத்தில் கிடக்கும் அசுகாவின் கழுத்தை அவன் நெரிப்பதும், அவள் கையுயர்த்தி அவன் கன்னத்தைத் தடவுவதும், அவன் விம்முவதுமாகப் படம் முடிகிறது. இவ்வளவு கடுமையான முடிவை வேறெந்தச் சித்திரப் படத்திலும் நான் கண்டதில்லை. அதை அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய் என்று சொல்லவும் இயலாது.

2007-இல் வந்த முதல் படம் பழைய தொடரின் முதல் ஆறு பாகங்களைப் பெரிதும் அடியொற்றியே செல்கிறது; ஆகையால் அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது அன்னோ தாமே நிறுவிய காரா ஸ்டூடியோவின் படைப்பு. ஷிரோ சகிசுவின் இசை பழைய தொடரிலிருந்து தொடர்ந்து வருகிறது. மாறிப்போனது கடல். தொடரில் நீலமாக இருந்த சமுத்திரம் இங்கே ரத்தச் சிவப்பாய், ஜீவராசி ஏதும் அற்றுக் கிடக்கிறது. இரண்டாம் படத்தில் குழந்தைகள் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, காப்பாற்றி வைத்திருக்கும் மீன்களையும் ஆமைகளையும் முதன்முதலாகப் பார்த்து வியக்கும் காட்சியைப் பாருங்கள். பழைய கதையில் அவர்கள் உறவுகளை மட்டுமே இழந்திருந்தார்கள், இங்கே உலகத்தையும் இழந்திருக்கிறார்கள். அதே படத்தில் ரெய் எல்லோரையும் விருந்துக்கு அழைக்கவேண்டும் என்று விரல்களில் கட்டுப்போட்டுக்கொண்டு சமையல் பழகுகிறாள். பழைய தொடரில் அவளுக்கு இப்படி ஓர் ஆசை அரும்ப அவகாசமே கிடைக்கவில்லை. படத்தின் இறுதியில், உலகம் எக்கேடு கெட்டாலும் அவளை மீட்பேன் என்று ஷின்ஜி கையை நீட்டும்போது அரங்கமே அவனோடு சேர்ந்து நீட்டியிருக்கும். பத்து வருஷத்துக்கும் மேலாக ரசிகர்கள் விரும்பிய ஷின்ஜி அவன்தான். மூன்றாம் படம் பதினாலு வருஷங்களைத் தாண்டிப்போய், அந்த ஒரு செயலால் பூமி பாழானதைக் காட்டுகிறது. அவனுக்குப் பிரியமானவர்களே அவன் முகத்தைப் பார்க்க மறுக்கிறார்கள். இந்தப் படத்தை வெறுத்தவர்கள் அநேகர். விரும்பியதைக் கொடுத்துவிட்டு அதன் விலையையும் காட்டும் துணிவு என்னை வணங்கவே வைக்கிறது.

அந்தப் படத்துக்குப் பின் தாம் மனம் நொறுங்கிப்போனதை அன்னோ மறைக்கவில்லை. 2016-இல் காட்ஸில்லாப் படம் ஒன்றை எடுத்தார். எவாஞ்செலியனுக்குத் திரும்பிவர ஒன்பது வருஷங்கள் ஆயின. 2021-இல் வந்த நான்காம் படத்தின் முற்பகுதி ஒரு கிராமத்தில் நடக்கிறது. பிழைத்தவர்கள் கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. ஷின்ஜியின் வகுப்புத் தோழர்கள் வயது ஏறி, ஒருவன் வைத்தியம் பார்த்துக்கொண்டு மனைவி மக்களோடு இருக்கிறான். மற்றொருவன் ஊருக்கு வேண்டிய இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறான். ரெய்யின் சாயலில் உண்டாக்கப்பட்ட, தனக்கென்று பெயர்கூட இல்லாத பெண் ஒருத்தி, வயதான ஸ்திரீகளோடு சேற்றில் இறங்கி நாற்று நடக் கற்றுக்கொள்கிறாள். காலை வணக்கம் என்பதற்கும் நன்றி என்பதற்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். பேச்சற்று, உணவற்று, சுருண்டு கிடக்கும் ஷின்ஜியை அந்தத் தோழர்கள் எழுந்திரு என்று அதட்டுவதில்லை. அவன் உண்ணாவிட்டாலும் உணவை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் அவன் அழுதுகொண்டே உண்கிறான். தொடரில் அவனுக்குக் கிடைத்தது உபதேசம். அங்கே எல்லாரும் சுற்றி நின்று கைதட்டி அவனை வாழ்த்தினார்கள். இங்கே கிடைத்தது அவகாசம். இந்த வேறுபாட்டை முப்பத்தைந்து வயதில் ஒருவர் எழுதியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

தந்தைக்கு வருகிறேன். பழைய தொடரில் ஷின்ஜி தன் மனத்தோடு பேசிக்கொள்ளும் இடம், அந்தி வெயில் விழும் காலியான ரயில் பெட்டி. அங்கே அவனைத் தவிர வேறொருவருடைய துயரத்துக்கு இடம் குறைவு. 1997 படத்தில் கெண்டோ சாகும் தறுவாயில், பிறர் தன்னை நேசிக்கக்கூடும் என்பதை நம்ப முடியாமல், மகனிடமிருந்து ஒதுங்கிக்கொண்டதை ஒப்புக்கொள்கிறான். ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும் அந்த வார்த்தைகள் மனைவியின் நினைவை நோக்கிச் சொன்னவை, மகன் காதில் விழவேயில்லை. 2021 படத்தில் அந்த ரயில் பெட்டியில் உட்கார்ந்திருப்பவன் கெண்டோ; எதிரே அமர்ந்து கேட்பவன் மகன். உறவினர் வீடுகளுக்குப் போக அஞ்சிய சிறுவனாய், புத்தகங்களையும், தட்டினால் தட்டிய ஸ்வரத்தையே திருப்பித் தரும் பியானோவையும் மட்டும் நம்பிய இளைஞனாய், யுய் என்ற ஒரே பெண்ணிடம் உலகம் முழுவதையும் கண்டு அவளை இழந்தவனாய் அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். ஷின்ஜி அருகில் வரும்போது தன்னையறியாமல் எழும் தடுப்புச் சுவரைக் கண்டு, தன் மகனிடம் தனக்கே பயம் என்பதை அவன் திடுக்கிட்டு உணரும் கணம், இந்த நாற்பெரும் படங்களிலும் எனக்கு ஒப்பற்றது. ஒவ்வொரு வடிவத்திலும் ஷின்ஜி காதில் மாட்டிக்கொண்டு உலகத்தைப் புறக்கணித்த ஒலிநாடாக் கருவி, புதிய கதையில் ஆதியில் தந்தையுடையது. அதை மகன் அவனிடமே திருப்பிக் கொடுக்கிறான்.

பழைய முடிவை அன்னோ மறந்துவிடவும் இல்லை. தந்தையும் மகனும் பொருதும்போது நகரம் பொம்மைக் கட்டடங்களாய், வானம் வர்ணம் தீட்டிய படுதாவாய்ச் சரிகிறது; இறுதியில் கடற்கரையில் தனித்திருக்கும் ஷின்ஜியின் உருவம் நிறம் இழந்து, 26-ஆம் பாகத்தில் கண்ட வெறுங்கோடுகளாகிறது. மாரி என்ற பெண் வந்து சேர்ந்தபின்தான் நிறம் திரும்புகிறது. வளர்ந்த ஷின்ஜி அவளுடன் வெளியேறும் ரயில் நிலையம், அன்னோ பிறந்த உபே நகரத்தில் உள்ளது. உண்மையான அந்த ஊரின் மேல் படம் முடிகிறது.

குறைகள் உண்டு. புதிய படங்களுக்கென்றே படைக்கப்பட்ட மாரியின் உள்ளத்தைத் திறந்துகாட்ட அன்னோவுக்கு நேரம் கிடைக்கவில்லை. நாயகனின் கையைப் பற்றி அழைத்துப்போகும் உரிமை அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடையில்லை. அசுகாவுக்கும் அவசரமாக விடைகொடுத்து அனுப்பிவிட்டார். பழைய தொடரில் 22-ஆம் பாகம் அவளுக்குச் செய்த நியாயத்தில் கால்பங்குகூட இங்கே இல்லை. ஆகவே, படங்கள் போதும், பழசு எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 26 பாகங்களையும் முதலில் பாருங்கள், 1997 படத்தை உடனே பாருங்கள், நான்கு புதிய படங்களை, முடியுமானால், சில வருஷங்கள் கழித்துப் பாருங்கள், மூன்றாவதை எக்காரணம்கொண்டும் தாண்டிப் போகாதீர்கள்.