கப்பலேறிய குழவி

கடல் கடப்பதற்குக் கலமும் காற்றும் மீகாமனும் வேண்டும் என்பது பண்டையோர் அறிந்தது. ஒன்பது திங்கள் நிரம்பிய பெண்மகவொன்று கடல் கடப்பதற்கு எத்துணைக் காகிதம் வேண்டும் என்பதை யாம் 2023ஆம் ஆண்டில் அறிந்தோம். அவ்வறிவு நூல் வழியாக வந்ததன்று. எம் கையால் நேர்ந்த எழுத்துப் பிழையொன்றின் வழியாக வந்தது. அதனை மறைத்து வைப்பதினும் இவ்விதழில் எழுதிவிடுவது நெஞ்சுக்கு இலேசாயிருக்குமென்று கருதி நேயர்கள் முன் வைக்கின்றோம்.

எம் ஊர் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயப்பாளையம் சென்று, கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலைப்பாதை தொடங்கும். வளைந்து வளைந்து ஏறும் பேருந்து கரியாலூரைக் கடந்து வெள்ளிமலை சேர்வதற்குள், மரவள்ளிக் கொல்லைகளும் சாமைப் புனங்களும் கடுக்காய் மரங்களும் மாறி மாறித் தோன்றும். எம் தமக்கையார் அம்மலையில் அரசுச் செவிலியாகப் பணி செய்கின்றார். அவர்தம் கணவர் ஆங்கே பழங்குடி மாணவர்க்குரிய உண்டு உறைவிடப் பள்ளியொன்றில் ஆசிரியர். அவரை யாம் மாமா என்றழைப்போம்.

2022 நவம்பர்த் திங்களில், மழை விடாது பெய்த ஓர் இரவில், மலைமேலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம் மருமகள் பிறந்தாள். அன்னையாரோடு யாமும் அங்கிருந்தோம். மறுநாட் காலையில் பிறப்பு அறிக்கைப் படிவம் வந்தது. மாமா இரவெல்லாம் கண்விழித்துக் களைத்திருந்தார். “தம்பி, உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நீயே எழுதிவிடு” என்றார்.

யாம் அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். கல்லூரியிற் சேர்ந்து தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலவேண்டுமென்னும் வேட்கை முற்றியிருந்த காலம் அது. வடவெழுத்தைக் கண்டாற் புண்ணிற் புளி பட்டாற்போல் எரியும். பேருந்துப் பலகைகளையும் திருமண அழைப்பிதழ்களையும் மனத்துக்குள் திருத்திக்கொண்டே திரிவோம். தமக்கையார் பெயரோ ஜகரத்தில் தொடங்குவது. வடசொல்லை எடுத்தாளுங்கால் வடவெழுத்தைக் களைந்துவிடுக என்பது தொல்காப்பியர் கருத்தன்றோ? ஆகவே, தாயின் பெயர் என்னுமிடத்திற் சகரமிட்டு அழகாக எழுதினோம். ஆங்கிலத்திலும் எழுத வேண்டியிருந்தது. அங்கும் அதற்கேற்ப முதலெழுத்தை மாற்றினோம். மாமா படித்துப் பாராமற் கையொப்பமிட்டார். குழந்தையின் பெயர் என்னுமிடம் வெறுமையாக விடப்பட்டது. பாட்டிமார் இருவரும் இரு பெயரை விரும்பி, ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடாதிருந்தனர். அவ்வாறு வெறுமையாக விடுதற்குச் சட்டமும் இடந்தருகின்றது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பை அறிவித்துவிட வேண்டும். பெயரையோ பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். ஓராண்டுக்குள் சேர்ப்பின் கட்டணமும் இல்லை. மக்கள் பெயரிடுவதற்கு நாட்பார்த்துக் காத்திருக்கும் நாடு இஃதென்பதைச் சட்டமியற்றியோர் அறிந்திருந்தனர் போலும்.

இவ்வாறிருக்க, 2023 மே மாதத்தில், துபாயில் தொழில் புரியும் குழந்தையின் பெரியப்பா விடுமுறையில் வந்தார். “எல்லோருமாகக் கப்பலிற் போய்வருவோம், செலவு என்னுடையது” என்று அறிவித்துவிட்டார். சென்னைத் துறைமுகத்தினின்று இன்பச் செலவாக மக்களை ஏற்றிச் செல்லும் எம்பிரஸ் என்னும் கப்பல் 2022 ஜூனில் ஓடத் தொடங்கியிருந்தது. அதே மாதத்தில் அக்கப்பலுக்குப் புதுச்சேரியில் நிற்க அரசின் இசைவு கிட்டாமையால், அவ்வூர்க் கரையைக் கண்டும் சேராமற் சென்றதை நேயர்கள் செய்தித்தாள்களிற் படித்திருப்பர். பல அடுக்கு மாளிகை போன்ற கலமே காகிதமின்றிக் கரை சேர இயலாதாயிற்று! 2023 ஜூன் 5ஆம் நாள் அது சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லலாயிற்று. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்னும் துறைகளைத் தொட்டு மீள்வது. பெரியப்பா தேர்ந்தது அச்செலவே. ஆகஸ்டு மாதத்திற்கு இடம் பதிவு செய்யப்பட்டது.

கடற்செலவு மகளிரோடு கூடாதென்று தொல்காப்பியர் விலக்கினார். கைக்குழந்தையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அக்குறையை இக்காலத்துக் கப்பல் நிறுவனங்கள் நிறைவு செய்துள்ளன. ஆறு திங்கள் நிரம்பாத குழவியை அவை பெரும்பாலும் ஏற்பதில்லை. பன்னாள் தொடர்ந்து நடுக்கடலிற் செல்லும் செலவாயின் ஓராண்டு நிரம்பவேண்டும் என்பனவும் உள. பிள்ளைத்தமிழ்க் கணக்கிற் கூறின், செங்கீரையாடி முடித்த பின்னரே கப்பலேறலாம். எம் மருமகள் செலவு தொடங்கும் நாளிற் சப்பாணிப் பருவத்தில் இருப்பாள். ஆதலின் வயது பற்றித் தடையில்லை.

தடை காகிதத்தில் இருந்தது. நம் நாட்டுத் துறைகளுக்குள்ளேயே செல்லும் கப்பலாயின், குழந்தைக்குப் பிறப்புச் சான்றோ ஆதாரோ பொதுவாகப் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆதாருக்குக் கைரேகையும் இல்லை, கருவிழிப் பதிவும் இல்லை. முகப்படமும் பெற்றோருள் ஒருவரின் உறுதியுமே அமையும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒரு துறையிற் புறப்பட்டு அதே துறைக்கு மீளும் கப்பலிற் செல்லும் அந்நாட்டுச் சிறுவர்க்குப் பிறப்புச் சான்றே போதுமாம். ஆனால், நம் கரையினின்று இலங்கைக்குச் செல்லப் பாலுண்ணும் குழவிக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். தாயின் ஏட்டிலேயே பிள்ளையின் பெயரையும் எழுதிவிடும் பழைய வழக்கம் இப்பொழுது இல்லை. கடவுச்சீட்டுக்கோ பிறப்புச் சான்று வேண்டும். அச்சான்றிற் குழந்தையின் பெயரும் பெற்றோர் பெயரும் பெற்றோரின் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும்.

பாட்டிமார் இருவரும் ஒருவாறு இணங்கினர். பெயரைச் சேர்ப்பதற்காகத் தமக்கையார் சான்றினை அச்சிட்டு எடுத்தார். எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படித்தார்; மீண்டும் படித்தார். பின்னர் எம்மை நிமிர்ந்து நோக்கினார். அவர் குரல் உயரவில்லை.

“தம்பி, என் பிள்ளைக்குத் தாய் யார்?”

யாம் விடையிறுக்கவில்லை. ஆதாரிலும், செவிலியர் பட்டயத்திலும், கடவுச்சீட்டிலும் ஜகரத்தோடு வாழும் எம் தமக்கையார், தம் மகளின் பிறப்புச் சான்றில் மட்டும் இல்லை. அவ்விடத்தில் எம் இலக்கணப் பற்றினாற் பிறந்த வேறொருத்தி நின்றாள். மாமா நகைத்தார், அந்நகை எமக்கு அடியினும் வலித்தது. “நீ தமிழ் படித்தது என் வீட்டிலா பலிக்க வேண்டும்?” என்றார் எந்தையார்.

பிறந்த இடத்திலுள்ள பதிவேட்டிலேதான் திருத்தமும் செய்தல் வேண்டும். ஆகவே, ஜூன் மாதத்து ஒரு நாள் யாமும் மாமாவும் தமக்கையாரின் சான்றுகளெல்லாவற்றையும் ஓர் உறையிலிட்டு மலையேறினோம். எமக்கு முன்னே வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவளருகே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியின் ஓரத்தை நகத்தாற் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு சிற்றூரில், வீட்டிலே பிறந்தவன், பிறப்பு பதியப்படவில்லை. “பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள் ஐயா. ஆதார் எடுக்கப் போனால் பிறந்த சான்று கேட்கிறார்கள்” என்று மாமாவிடம் கூறினாள். பள்ளியிற் சேர்த்துக்கொண்டமை சட்டத்தின்படியே. வயதுச் சான்று இல்லையென்று எப்பிள்ளையையும் திருப்பலாகாதென்று 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் விதித்துள்ளது. ஆனால், பிறந்து ஓராண்டு கடந்துவிட்டாற் பிறப்பைப் பதிவதற்குக் கோட்டாட்சியர் விசாரித்து ஆணையிட வேண்டும். அதற்கு அவள் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டும்; ஒரு முறை வந்து முடிவதன்று. அன்றைக் கூலி, பேருந்துக் கட்டணம், உடன்வருவோர்க்கு உணவு என்று அவள் விரல்விட்டு எண்ணினாள்.

“நீங்கள் எதற்காக ஐயா வந்தீர்கள்?” என்று அவள் கேட்டாள்.

மாமா எம்மை நோக்கினார். கப்பல் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. “பெயரில் ஓர் எழுத்துப் பிழை” என்று மட்டும் கூறினோம். “எழுத்துப் பிழைக்கா இவ்வளவு தூரம்!” என்று அவள் எமக்காக இரங்கினாள்.

அம்மலையில் இத்தகையோர் பலர் இருத்தற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த கல்வராயன் மலை, 1976 ஜூன் 25ஆம் நாளே அரசின் நேராட்சிக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று 29ஆம் ஆண்டில்! அச்சிறுவனின் பாட்டி பிறந்த காலத்தில், அவ்வூரிற் பிறந்தவரையும் இறந்தவரையும் எழுதிவைக்க வேண்டுமென்று எவர்க்குத் தோன்றியிருக்கும்? ஒரு தலைமுறை எழுதப்படாதிருப்பின், அடுத்த தலைமுறைக்கும் அது வழக்கமாகிவிடுகின்றது. 2024 ஜூனிற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் ஜூலைத் திங்களிற் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், குடும்ப அட்டை, ஆதார் என்றெல்லாம் வினவியது. யாம் வரிசையில் நின்ற அன்று இவை ஒன்றும் நிகழ்ந்திருக்கவில்லை.

எம் முறை வந்தது. பிழைக்குக் காரணம் வினவப்பட்டது. “யாமே காரணம்” என்றோம். பதிவாளர் எமது முகத்தைச் சற்றே நோக்கிவிட்டு, எழுதலானார். அவர் எழுதிய முறை எம்மை வியப்பிலாழ்த்தியது. முன்னுள்ள எழுத்தை அவர் அடிக்கவில்லை, அழிக்கவுமில்லை. மூலப் பதிவைத் தொடாமல், ஓரத்திலே திருத்தத்தை எழுதிக் கையொப்பமும் நாளும் இடவேண்டும் என்பது சட்டத்தின் 15ஆம் பிரிவாம். ஆகவே, எம் சகரம் அப்பதிவேட்டில் உள்ளவரை உள்ளதாம். அதனருகே, ஓரத்தில், தமக்கையாரின் ஜகரம்.

இனி நிழற்படக் கதை. வெண்மையான பின்னணி வேண்டும், கண்கள் திறந்திருக்கவேண்டும், வேறெவர் கையும் தோன்றலாகாது. கழுத்து நிற்கத் தொடங்கிய, ஆனால் ஓரிடத்தில் நில்லாத குழவிக்கு இவ்விதிகளை எடுத்துரைப்பவர் யார்? கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவின் நிழற்படக்காரர் அநுபவசாலி. தமக்கையாரை நாற்காலியில் இருத்தி, தலைமுதல் அடிவரை வெள்ளைப் போர்வையால் மூடி, அவர் மடிமீது குழந்தையை வைத்தார். போர்வைக்குள்ளிருந்து தாய் பாட, வெளியே மகள் திரும்பித் திரும்பித் தாயைத் தேடினாள். கன்னத்திலிருந்த கண்ணேற்றுப் பொட்டைத் துடைத்தபோது எம் பாட்டியார் வாய்விட்டே முணுமுணுத்தார். யாம் கிலுகிலுப்பையை ஆட்டியும், பூனைபோற் கத்தியும், குறளொன்றை இராகத்தோடு ஓதியும் பார்த்தோம். குறளுக்கு அவள் உறங்கிவிட்டாள். நாற்பது படத்துள் ஒன்று தேறியது.

கடவுச்சீட்டு நடைமுறை எதிர்பார்த்ததினும் எளிதாகவே முடிந்தது. பெற்றோர் இருவரும் கையொப்பமிடும் உறுதிமொழி ஒன்றுண்டு. அதற்கு ‘இணைப்பு டி’ என்று பெயர். பெற்றோர்க்குச் செல்லத்தக்க கடவுச்சீட்டு இருந்தமையாற் காவலர் விசாரணை வேண்டப்படவில்லை. கையொப்பமிட வேண்டிய இடத்திற் குழவியின் கட்டைவிரலைப் பதித்தனர்; அவ்விரலை அவள் உடனே வாயில் வைத்துக்கொண்டாள் என்று தமக்கையார் கூறினார். அவ்வேடு ஐந்தாண்டு செல்லும். அதிலுள்ள முகமோ ஐந்து வாரத்தில் மாறிவிட்டது.

ஆகஸ்டில் அவர்கள் சென்றனர். கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்த யாம் செல்லவில்லை. கப்பலிற் கண்ட காட்சிகளை மாமா பலபடப் புகழ்ந்தார். தமக்கையார் ஒன்றே சொன்னார்: “பாப்பா அங்கேயும் மின்விசிறியைத் தேடினாள், கிடைக்காமல் அழுதாள்.”

2023 அக்டோபர் முதல் நாள் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று முதற் பிறப்போர்க்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசுப் பணி, ஆதார் முதலிய பலவற்றுக்கும் பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றே. கடவுச்சீட்டு விதிகளையும் 2025இல் அதற்கிணங்கத் திருத்தினர். இது படித்தபோது வரிசையில் நின்ற அப்பெண்ணே எம் நினைவில் வந்தாள்.

2025 கோடை விடுமுறையில் தமக்கையார் இல்லத்தில் ஒரு வாரம் தங்கினோம். ஒரு மாலை, அச்சிறுவனோடு அவளே வந்தாள். சான்று ஒருவாறு கிடைத்திருந்தது. இப்பொழுது வேண்டுவது சாதிச் சான்று. மாமாவிடம் விண்ணப்பத்தை நீட்டினாள். மாமா அதனை எம்மிடம் தள்ளினார். “தம்பி எழுத்து முத்து முத்தாக இருக்கும்” என்றார், முகத்தில் யாதொரு குறிப்புமின்றி.

யாம் பேனாவைத் திறந்து, பின் மூடினோம். சிறுவனிடம் பழைய நாட்காட்டித் தாளொன்றைக் கொடுத்து, அவன் பெயரையும் தாய் தந்தையர் பெயரையும் எழுதச் சொன்னோம். நாவைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில் எழுதினான். தந்தையின் பெயரில் ஷகரம் ஒன்று இருந்தது. பிறப்புச் சான்றை வாங்கி, எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்து, அவன் எழுதியவாறே எழுதினோம்.