காலதாமதம் யார் குற்றம்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. ஆகஸ்டில் நடைபெறவேண்டிய க. பொ. த. உயர்தரப் பரீட்சை ஒக்டோபர் 12ஆம் திகதியே ஆரம்பமாயிற்று. அது நடந்துகொண்டிருக்கையிலேயே கொட்டாஞ்சேனையில் ஊரடங்குச் சட்டம் அமுலாயிற்று. பரீட்சை அனுமதி அட்டையே வீதியிற் செல்வதற்கான அனுமதிப் பத்திரமாயிற்று. பிரியாவிடை வைபவமின்றி, ஆசிரியரிடம் விடைபெறாமலே பலர் பள்ளி வாழ்வை முடித்துக்கொண்டனர்.

பெறுபேறுகள் 2021 மே மாதத்திலேயே வெளிவந்தன. பல்கலைக்கழகம் புகுவதற்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. "பிள்ளை இன்னும் சும்மாவோ இருக்கிறான்?" என்று உறவினர் வினவ, தாய்மார் தலைகுனிந்து நின்றதை வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் நாம் கண்டோம். காலதாமதம் மாணவர் குற்றமன்று. ஆயினும் பழியை அவர்களே சுமந்தனர்.

அவர்களுட் சிலர் இன்று பட்டம் பெற்று வேலை தேடுகின்றனர். பெற்றோரே, தொழில் வழங்குவோரே, கடந்துபோன ஆண்டுக்கு அவர்களிடம் கணக்குக் கேளாதீர்கள். விண்ணப்பம் எழுத ஒரு மணி நேரம் உடனிருங்கள். தெரிந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆசிரியராகிய நாமும் நற்சான்றுப் பத்திரம் எழுதுகையில், அந்த ஆண்டை அவர்கள் கடந்த விதத்தை இரண்டு வரிகளிற் சேர்த்தே எழுதுகின்றோம்.